ரத்தம் கொடுத்த வீடுகளுக்கு முடிவைச் சொல்லுங்கள்

கடலூர் உப்பனாற்றங்கரை ஊர்களில் ஆலை மாசு பற்றிக் கூட்டு ஆய்வு நடத்திவரும் முதன்மை ஆய்வாளர்களுக்கும், அந்த ஆய்வுக்கு ஒப்புதல் தந்த நெறிமுறைக் குழு உறுப்பினர்களுக்கும்,

இரண்டாம் கட்டத்துக்கான ஒப்புதல் படிவங்கள் கட்டுக்கட்டாக வந்து இறங்கிவிட்டன. முதல் கட்டத்தில் எடுத்த ரத்தம், சிறுநீர், தண்ணீர், மீன் ஆகியவற்றின் முடிவு இன்னும் ஒரு வீட்டுக்கும் வரவில்லை. கேட்டதற்கு, தனிநபர் முடிவுகளைத் திருப்பித் தருவது திட்ட நெறிமுறையில் இல்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது. அந்த ஒரு வரியை எங்களால் ஏற்க முடியவில்லை.

பாட்டில் கழுவுவது, மாதிரி எடுப்பது, ஐஸ் பெட்டி தூக்குவது, கேள்வித்தாள் நிரப்புவது எல்லாம் நாங்கள். எங்களில் நர்சிங் படித்தவர்களும் வேதியியல் பட்டதாரிகளும் சமூகப்பணி படித்தவர்களும் இருக்கிறோம். எந்த நிறுவனத்தின் பெயரையும் இங்கே எழுதவில்லை. இந்தக் குறைகள் ஒரே ஒரு இடத்தோடு முடிவதில்லை, அதனால்தான்.

ஆய்வு என்ற சொல் இந்த ஊர்களுக்குப் புதிதல்ல. 2003-இல் நீதிபதி ஜெ. கனகராஜ் தலைமையிலான இந்திய மக்கள் தீர்ப்பாயம் இங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டை பற்றி அறிக்கை தந்தது. 2004-இல் சிப்காட் பகுதி சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் சாதாரண பிளாஸ்டிக் வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட மாசுக் குறியீட்டில் கடலூருக்கு 77.45 மதிப்பெண், 70-ஐத் தாண்டினாலே மிக மோசமான பகுதி என்பது அவர்கள் வைத்த கணக்கு. குடிகாட்டிலும் ஈச்சங்காட்டிலும் சங்கொலிக்குப்பத்திலும் வயதானவர்களைக் கேட்டால், எத்தனை முறை பெயர் எழுதிக்கொண்டு போனார்கள் என்பதை விரல்விட்டு எண்ணிச் சொல்வார்கள். அதில் எத்தனை முறை திரும்பி வந்து முடிவு சொன்னார்கள் என்று கேட்டால் கை விரிப்பார்கள்.

உங்கள் திட்டத்தின் முதல் பக்கத்தில் சுகாதாரம், சுற்றுச்சூழல், சமூக அறிவியல் மூன்றும் கைகோத்த ஆய்வு என்று இருக்கிறது. களத்தில் மூன்று குழுவும் மூன்று வெவ்வேறு மாதங்களில் மூன்று ஜீப்பில் வந்தன. ஒரே வீட்டுக்கதவை மூன்று முறை தட்டின. ஒருவர் எடுத்தது இன்னொருவருக்குத் தெரியாது. இதனால் வீட்டுக்காரர்களுக்குத் தொந்தரவு என்பது ஒரு பக்கம். முடிவே தப்பாகிப்போகும் என்பதுதான் எங்களுக்குப் பெரிய கவலை. ஆர்சனிக் என்ற நச்சுத் தனிமத்தை வைத்தே இதை விளக்குகிறோம்.

உப்பனாறு கடலோடு சேர்ந்த ஆறு. நீர் ஏறும் நேரத்தில் எடுத்தால் பாட்டிலில் பாதிக்கு மேல் கடல்நீர். அதில் குளோரைடு அதிகம். தனிமங்களை நிறையை வைத்து அளக்கும் ஐ.சி.பி.எம்.எஸ். கருவியில், அதில் ஓடும் ஆர்கான் வாயுவும் குளோரினும் ஒட்டிக்கொண்டு, ஆர்சனிக்கின் அதே 75 என்ற நிறையில் வந்து நிற்கும். கருவி அதை ஆர்சனிக் என்றே எண்ணிக் காட்டும். இப்படி ஒட்டிய துகள்களை வடிகட்டும் ஹீலியம் மோதல் கலத்தைப் போட்டு ஓட்டினாலோ தகுந்த திருத்தம் செய்தாலோ இந்தப் பொய் அளவு பெரிதும் அடங்கும். மாதிரிச்சீட்டில் உப்பு அளவும் நீர் ஏறும் நேரமா வற்றும் நேரமா என்பதும் இருந்தால்தானே ஆய்வகத்தில் இருப்பவருக்கு அதைச் செய்யத் தோன்றும்? எங்களுக்குத் தந்த சீட்டில் அந்த இரண்டு கட்டமும் இல்லை. நாங்களாகச் சீட்டின் பின்பக்கம் பேனாவால் எழுதினோம். கணினியில் ஏற்றும்போது முன்பக்கம் மட்டும் ஏறியது.

இனி சிறுநீர். மீன், நண்டு, இறால் சாப்பிட்டவர் சிறுநீரில் ஆர்சனோபீட்டைன் என்ற வடிவில் ஆர்சனிக் நிறைய வரும். அது உடம்பைப் பெரிதாக எதுவும் செய்யாமல் இரண்டு மூன்று நாளில் வெளியேறிவிடும். குடிதண்ணீர் வழியாக வரும் கனிம ஆர்சனிக்தான் நஞ்சு. மொத்த ஆர்சனிக்கை மட்டும் அளந்தால் இரண்டும் ஒரே எண்ணில் கலந்துவிடும். ஆகவே மாதிரி தருவதற்கு முன் மூன்று நான்கு நாள் மீன் சாப்பிடாமல் இருக்கச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் வடிவம் வடிவமாகப் பிரித்து அளக்க வேண்டும். மீனவக் குப்பத்தில் மூன்று நாள் மீன் இல்லாமல் சோறு இறங்காது என்பது ஊருக்கு ஒரு நாள் வந்து போனவருக்கும் தெரியும். எனவே இங்கே பிரித்து அளப்பது ஒன்றே வழி. உங்கள் ஆய்வில் மொத்த அளவு மட்டும்தான் எடுக்கப்பட்டது. மீன் பற்றிய கேள்வி சமூக அறிவியல் குழுவின் தாளில் இருந்தது. 'மாதத்தில் எத்தனை முறை' என்று கேட்டது. முந்தின நாள் ராத்திரி என்ன குழம்பு என்று அது கேட்கவில்லை.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆற்றுநீரில் உப்பால் வந்த பொய் ஆர்சனிக். சிறுநீரில் மீனால் வந்த ஆர்சனிக். இரண்டும் கரையோரக் குப்பங்களில் கூடுதலாக இருக்கும். உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களில் குறைவாக இருக்கும். ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தும். கட்டுரையில் வரைபடம் போட்டால் கோடு நேராக ஏறும். இரண்டு பிழைகள் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும் இந்த நிலைதான் எங்களுக்குப் பயம் தருகிறது. உண்மையான ஆர்சனிக் வேறு ஊரில் வேறு கிணற்றில் இருந்தால் அது இந்தக் கோட்டுக்கு அடியில் மறைந்துபோகும். மூன்று குழுவும் களத்துக்கு இறங்குமுன் அரைநாள் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தால் இது நடந்திருக்காது.

தண்ணீர் மாதிரிக்கு வருவோம். அடிபம்பை முதல் பத்து இருபது தடவை அடிக்கும்போது வருவது இரவெல்லாம் இரும்புக் குழாயில் நின்ற தண்ணீர். அதில் இரும்பும், குழாயின் பூச்சிலிருந்து கரைந்த துத்தநாகமும் இருக்கும். மின்கடத்துதிறனும் வெப்பநிலையும் சில நிமிட இடைவெளியில் மூன்று முறை ஒரே மாதிரி காட்டும்வரை அடித்துவிட்டுத்தான் பாட்டிலை நீட்ட வேண்டும். உலோகம் அளப்பதற்கான பாட்டிலை அமிலத்தில் கழுவி வைத்திருக்க வேண்டும். கரைந்த உலோகம் மட்டும் வேண்டுமென்றால் 0.45 மைக்ரான் வடிதாளில் அங்கேயே வடிகட்டி, அதன்பிறகு பி.எச். 2-க்குக் கீழே வரும்வரை நைட்ரிக் அமிலம் விட வேண்டும். லிட்டருக்கு ஏறக்குறைய 2 மில்லி போதும். அமிலம் விடாமல் பெட்டியில் போட்டால் கரைந்திருந்த இரும்பு காற்றுப்பட்டுத் துருவாகப் படியும். படியும்போது ஆர்சனிக்கையும் இழுத்துக்கொண்டு அடியில் உட்கார்ந்துவிடும். மேலே தெளிந்த தண்ணீரை எடுத்து அளந்தால் கிணறு சுத்தமாகத் தெரியும். முதல் கட்டத்தில் அமிலம் தீர்ந்துபோய் ஒன்பது நாள் வரவில்லை. அந்த ஒன்பது நாளும் மாதிரி எடுப்பதை நிறுத்த வேண்டாம், வண்டி வாடகை வீணாகும் என்று சொல்லப்பட்டது. அந்த நாட்களின் மாதிரி எண்கள் எங்கள் நோட்டில் இருக்கின்றன. உங்கள் பட்டியலில் அவற்றுக்கு எந்தக் குறிப்பும் இல்லை.

இன்னொன்று, அடிபம்புத் தண்ணீரை இப்போது பல வீடுகளில் எல்லா நாளும் குடிப்பதில்லை. குடிக்கக் கேன் தண்ணீர், சமைக்கப் பஞ்சாயத்துக் குழாய், குளிக்கவும் துணி துவைக்கவும் அடிபம்பு போட்ட போர் (ஆழ்துளைக் கிணறு). கேன் வாங்கக் காசில்லாத நாட்களில் குடிப்பதும் போர்தான். எந்தத் தண்ணீர் எந்த வேலைக்கு, மாதத்தில் எத்தனை நாள் கேன் வாங்க முடியவில்லை என்பதைக் கேட்காமல் பம்பையும் ரத்தத்தையும் இணைத்துக் கணக்குப் போட்டால், குடிக்காத தண்ணீருக்கும் வராத நோய்க்கும் முடிச்சுப் போடுவதாகத்தான் முடியும்.

காற்று அளவீட்டில் குறை இதைவிட எளிமையானது. 24 மணி நேரச் சராசரி எடுத்தீர்கள். நாற்றம் வருவது ராத்திரியில், நிலக்காற்று ஆற்றுப்பக்கம் திரும்பும்போது, அரைமணி ஒருமணி நேரம். ஒரு கன மீட்டருக்கு 480 மைக்ரோகிராம் அரைமணி நேரம் வீசி, மீதி 23½ மணி நேரமும் ஒன்றுமே இல்லை என்றால் அன்றைய சராசரி 10. குழந்தை மூச்சுத் திணறிய அந்த அரைமணி தாளில் இருக்காது. நாற்றம் வந்த நேரத்தையும் எந்த மாதிரி நாற்றம் என்பதையும் எழுதிவைக்கிற பழக்கம் இங்கே பலருக்கு உண்டு. அந்த நோட்டுகளைத் தருவதாகச் சொன்னோம். அறிவியல்பூர்வமானது அல்ல என்று மறுத்தீர்கள். அந்த நேரத்தை வைத்துக் கருவியை ஓட்டியிருந்தால் அறிவியலுக்கு என்ன குறை வந்திருக்கும்?

கேள்வித்தாள் பற்றி மனம் நொந்து எழுத வேண்டியிருக்கிறது. 'உங்களுக்கு ஆஸ்துமா உள்ளதா?' என்றால் இல்லை என்பார்கள். 'மழைக்காலத்துல இழுப்பு வருதா, நெஞ்சு கர்ருனு சத்தம் போடுதா, ராத்திரி எழுந்து உட்கார வேண்டியிருக்கா?' என்றால் மூன்றுக்கும் ஆமாம் என்பார்கள். 'கருச்சிதைவு' என்ற சொல்லை ஆஸ்பத்திரிச் சீட்டில்தான் பார்த்திருக்கிறார்கள். இங்கே 'தங்கல', 'கலைஞ்சிடுச்சி' என்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்க ஆண் களப்பணியாளர்களை அனுப்பினீர்கள். மாமியார் திண்ணையில் இருக்கும்போது, தெரியாத ஆண் கேட்டால், எந்த மருமகள் வாய் திறப்பாள்? அந்தப் பக்கங்களில் 'இல்லை' என்று விழுந்த குறியெல்லாம் ஆரோக்கியம் என்று எண்ணப்பட்டிருக்கும்.

நேரமும் அப்படித்தான். காலை பதினோரு மணிக்கு வந்தால் வீட்டில் கிழவர்களும் கைக்குழந்தைகளும் மட்டும் இருப்பார்கள். மீன் விற்கப் போனவர், நூறுநாள் வேலைக்குப் போனவர், ஷிப்டு முடிந்து தூங்குகிறவர் யாரும் கணக்கில் வரமாட்டார்கள். ஆலைக்குள்ளே ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவர்தான் அதிகம் பாதிக்கப்பட வாய்ப்புள்ளவர். அவரைத்தான் எளிதில் பிடிக்க முடியாது. பிடித்தாலும் வேலை போய்விடுமோ என்று பேசமாட்டார். அவரைத் தெருவில் நிறுத்திக் கேட்காதீர்கள்.

நோய்க்கணக்கை ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேட்டிலிருந்து மட்டும் எடுத்ததும் தவறு. இந்த ஊர்க்காரர்கள் பெரிய நோய் என்றால் பாகூர் தாண்டிப் புதுச்சேரிக்கு, ஜிப்மருக்குப் பஸ் ஏறுகிறார்கள். மாநில எல்லை உங்கள் பட்டியலுக்கு உண்டு, நோயாளிக்குக் கிடையாது. அந்த வீட்டுப் பரணில் இருக்கும் ஜிப்மர் நோட்டைப் புரட்டிப் பார்க்கச் சொல்லிப் படிவத்தில் ஒரு கட்டம் போதும்.

மூன்று குழுவின் தரவையும் இணைக்கிறபோது என்ன நடந்தது என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். சுகாதாரக் குழு ஆளுக்கு எண் போட்டது. சுற்றுச்சூழல் குழு கிணற்றுக்கு எண் போட்டது. சமூகக் குழு வீட்டுக்கு எண் போட்டது. யார் எந்த வீட்டில் எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று மூன்றையும் கட்டும் பட்டியல் ஒன்றுகூட இல்லை. வீட்டு எண் 3/12 என்று இருந்ததை எக்செல் தேதியாக மாற்றிவிட்டது. கருவி அளக்கக்கூடிய எல்லைக்குக் கீழே வந்ததை ஒரு குழு 0 என்றும் இன்னொரு குழு வெற்றிடமாகவும் விட்டது. வெற்றிடம் என்றால் அளக்கவே இல்லை என்றும் பொருள்படும். இந்த நிலையில் வெளிவரும் கட்டுரையில் எங்கள் ஊர்ப் பெயர் இருக்கும் என்பதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

ஒப்புதல் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம். ஒவ்வொரு முறையும் யாரோ வந்து பெயர் எழுதினார்கள். எழுதினால் அரிசியோ, பாயோ, பணமோ வந்தது. இங்கே பெயர் எழுதுவது என்றால் நிவாரணம் என்று மனதில் பதிந்திருக்கிறது. 'எழுதினா ஏதாவது வரும்மா, விட்டுடாத' என்று பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டுச் சொல்வதைக் கேட்டுக்கொண்டே கையெழுத்து வாங்கியிருக்கிறோம். ரேஷன் கார்டு எண்ணைப் படிவத்தில் கேட்டது அந்த நம்பிக்கையை இன்னும் இறுக்கியது. எதற்காக அந்த எண் என்று எங்களுக்கே சொல்லப்படவில்லை. படிவத்தின் நகல் ஒன்றைப் பங்கேற்பாளர் கையில் கொடுக்க வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறை வழிகாட்டுதலில் உள்ளது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு நடுநிலையான சாட்சி வேண்டும் என்பதும், கூலி இழப்புக்கு ஈடு தரலாம் என்பதும் அதில் உள்ளன. நகல் அச்சடிக்கப்படவே இல்லை. சாட்சி போட வேண்டிய இடத்தில் நாங்களே கையெழுத்துப் போட்டோம். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்; அது தவறு.

முடிவைத் தந்தால் பீதி கிளம்பும் என்பது உங்கள் தரப்பில் சொல்லப்படும் காரணம். தெரியாமல் இருப்பதுதான் பீதி. ரத்தத்தில் ஈயம் இருக்கும் குழந்தைக்குச் செய்யக்கூடியது இருக்கிறது: எங்கிருந்து வருகிறது என்று வீட்டில் தேடலாம், அந்த மூலத்தை அகற்றலாம், இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் சரிசெய்யலாம், சில மாதம் கழித்து மறுபடி அளக்கலாம். புதிதாக ஈயம் உள்ளே போகாவிட்டால் ரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும். உடம்பை விட்டு வெளியேறாத பகுதி பெரும்பாலும் எலும்பில் போய்ப் பல ஆண்டு தங்கும். குளிர்பெட்டியில் மாதிரி காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அந்தக் குழந்தையின் எலும்புக்குப் போகிற மாதம். காப்புரிமையோ கட்டுரையோ இதைவிட அவசரம் என்று உங்களில் யாரும் நினைக்கமாட்டீர்கள் என்று நம்புகிறோம்.

சொல்லும் விதத்தில் கவனம் வேண்டும் என்பதை நாங்களும் ஏற்கிறோம். உப்பனாற்று மீனில் பாதரசம் என்று முதலில் பத்திரிகையில் வந்தால் மறுநாள் கூடையோடு போகும் அம்மாக்களிடம் ஒருவரும் மீன் வாங்கமாட்டார்கள், அது ஆழ்கடல் மீனாகவே இருந்தாலும். பெண் கேட்டு வருகிற இடத்தில் ஊர்ப் பெயரே குறையாகும். ஆகவே முதலில் வீட்டுக்கு, பிறகு ஊர்ப் பஞ்சாயத்துக்கு, அதன்பிறகுதான் வெளியே. இந்த வரிசை மாறக் கூடாது.

நாங்கள் கேட்பவை இவை. இரண்டாம் கட்டத்தைத் தொடங்குமுன், முதல் கட்டத்தில் மாதிரி தந்த ஒவ்வொருவருக்கும் அவருடைய முடிவைத் தமிழில் ஒரே தாளில், ஒட்டிய உறையில், அவர் கையிலேயே கொடுங்கள். அதில் அளவு, அலகு, ஒப்பிடும் வரம்பு, இனி என்ன செய்ய வேண்டும் என்ற நான்கும் இருக்கட்டும். தண்ணீருக்கு இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 வரம்பைப் பக்கத்தில் போடுங்கள். ஈயத்துக்கு அது லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அளவு மிக அதிகமாக வந்தவர்களுக்குத் தாள் அச்சாகும்வரை காத்திருக்க வேண்டாம். ஆய்வகத்திலிருந்து எண் வந்த இரண்டு நாளுக்குள் ஆள் அனுப்புங்கள். எந்த அரசு மருத்துவமனையில் எந்தப் பிரிவில் பார்க்க வேண்டும் என்பதை அந்த மருத்துவமனையோடு முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். வெறும் சீட்டைக் கொடுத்து அனுப்பினால் டோக்கன் வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிடுவார்கள்.

குளிர்பெட்டியில் மிச்சமிருக்கும் சிறுநீர் மாதிரிகளில் ஆர்சனிக்கைப் பிரித்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அமிலம் விடாத ஒன்பது நாள் தண்ணீர் மாதிரிகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு அதே கிணறுகளில் புதிதாக எடுக்க அனுமதியுங்கள். எண்களை நாங்கள் தருகிறோம். இவை முடியும்வரை ஆர்சனிக் பற்றிய கட்டுரையை அனுப்ப வேண்டாம்.

ஆள், வீடு, கிணறு மூன்றையும் இணைக்கும் ஒரே பட்டியலை மூன்று குழுவும் சேர்ந்து முதலில் தயாரியுங்கள். அது இல்லாமல் எந்த ஜீப்பும் கிளம்ப வேண்டாம். கேள்வித்தாளை ஊர்ப்பெண்கள் ஐந்தாறு பேர் முன்னால் வாய்விட்டுப் படித்துக் காட்டித் திருத்துங்கள். கர்ப்பம் பற்றிய கேள்விகளைப் பெண்கள் மட்டும் கேட்கட்டும். ரேஷன் கார்டு எண்ணை நீக்குங்கள். ஏற்கெனவே வாங்கியவற்றை அழித்துவிட்டு எழுத்தில் தெரிவியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் ஆண்கள் ஊரில் இருப்பார்கள், கூட்டம் போட நல்ல நேரம். ஆனால் சாப்பிடும் மீன் மாறிவிடும் என்பதால் மீன் சம்பந்தமான மாதிரியை அப்போது எடுக்காதீர்கள்.

நெறிமுறைக் குழுவினருக்கு ஒரு தனி வேண்டுகோள். உங்கள் குழுவில் மருத்துவர் அல்லாத பொதுமக்கள் பிரதிநிதி ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. இந்த ஆய்வைப் பரிசீலிக்கும்போது உப்பனாற்றங்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒருவரைச் சிறப்பு அழைப்பாளராகக் கூப்பிட்டு அவர் பேசுவதையும் கேளுங்கள். முடிவு திருப்பித் தரும் செலவுக்குத் திட்டத்தொகையில் தனித் தலைப்பு இல்லாத எந்த விண்ணப்பத்தையும் திருப்பி அனுப்புங்கள். ஒரு நாள் வேலையை விட்டு ரத்தம் கொடுக்க வருகிறவருக்கு அன்றைய கூலியையும் அதே தலைப்பில் சேருங்கள்.

இந்த மடல் கிடைத்த முப்பது நாளுக்குள் மூன்று குழுவின் தலைவர்களும் ஒரே நாளில், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், ஊர்க்கூட்டத்துக்கு வந்து இதற்குப் பதில் சொல்லுங்கள். நாற்காலி, மைக், தண்ணீர் எல்லாம் ஊர் பார்த்துக்கொள்ளும். அதுவரை இரண்டாம் கட்டப் படிவங்கள் எங்களிடமே கட்டுப்பிரிக்காமல் இருக்கும்.

இப்படிக்கு,
கடலூர் உப்பனாற்றங்கரைக் களப்பணியாளர்கள்